பானையே, மாப்பிள்ளையிடம் சொல்லு

1

இந்தக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். மழை விட்டிருந்த ஒரு காலையில் பக்கத்து வீட்டு கசூபா துணி உலர்த்திக்கொண்டே தன் அம்மாவின் குரலில் பேசிக் காட்டினாள்:

"பானையே, இந்த மனுஷன்கிட்ட சொல்லு. என்னைக் கீழே இறக்கி விடச் சொல்லு."

உடனே தன் கணவனின் குரலுக்கு மாறினாள்:

"பானையே, அம்மாகிட்ட சொல்லு. இறக்கி விட்டா மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும்னு சொல்லு."

சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த ராணுவச் சட்டை சேற்றில் விழுந்தது. நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. பேனா எடுக்க வீட்டுக்குள் ஓடினேன். அப்படி ஒரு சின்னக் குற்றத்தோடுதான் இது பிறந்தது.

இன்னொரு குற்றமும் உண்டு. நடுவில் ஓரிடத்தில் ஒரு பொய் எழுதினேன். அதை மறைக்கப் போவதில்லை. இடம் வரும்போது நானே காட்டிக் கொடுக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: கசூபாவின் கணவர் வாரண்ட் ஆஃபீசர் கப்பாசா லுவாபுலா ஆற்றங்கரையில், மீன் காயும் வாசனைக்கு நடுவே பிறந்து—

(வேண்டாம். ஆற்றங்கரையில் ஆரம்பித்தால் மனிதர் பட்டாளத்தில் சேர்வதற்கே பத்துப் பக்கம் பிடிக்கும்.)

இரண்டாவது: முப்பத்திரண்டு ஆண்டுகள் தாய்நாட்டுக்காகத் தன்னை—

(இது அவர் ஓய்வு பெற்ற அன்று கர்னல் படித்த உரை. அன்றைக்கே பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.)

மூன்றாவது. இது நிற்கட்டும்:

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கப்பாசா வீட்டு வாசலில் நாலு ஜோடிப் பள்ளிக்கூட ஷூக்கள் உயரவாரியாக அணிவகுத்து நிற்கும். பெரிய மகள் லோம்பேயினுடையது வலது ஓரம், கடைக்குட்டியினுடையது இடது ஓரம். கப்பாசா முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பளபளப்பாக்குவார். ஆயிரம் பேரை ஒரே குரலில் திருப்பி நிறுத்துகிற மனிதர், அந்தக் குட்டி ஷூவின் மூக்கில் எச்சில் தொட்டுத் தேய்க்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

அமைதிப் படையோடு வெளிநாட்டில் இருந்த வருடங்களிலும் அதே ஐந்து மணிக்குத் தொலைபேசி அடிக்கும்.

"ஷூ வரிசையில இருக்கா? ரிப்போர்ட்!"

மூத்தவளிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். கடைக்குட்டிக்கு அப்போது மூன்று வயது.

"சார், எனக்கு ஒரு ஷூதான் இருக்கு சார். இன்னொண்ண நாய் தூக்கிட்டுப் போச்சு சார்."

"நாயைப் பிடிச்சு விசாரணைக்கு நிறுத்து. அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு அறிக்கை வரணும்."

"நாய் தூங்குது சார்."

"அப்ப எழுப்பாதே. தூங்கறவனைத் தண்டிக்கக் கூடாது."

ஒருமுறை கசூபா ஆஸ்பத்திரியில் இருந்தபோது லோம்பேக்கு அவரே தலை பின்னிவிட்டார். பட்டாளத்தில் கயிறு முடியக் கற்ற முடிச்சு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதிசயித்தார்கள். அவிழ்க்க இரண்டு பெண்களுக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது.

"கத்திரிக்கோல் எடுக்கட்டுமா?" என்று கேட்டாளாம் ஒருத்தி.

"தொடாதீங்க," என்றாளாம் லோம்பே. "எங்கப்பா போட்டது. யானையைக் கட்டினாலும் அவிழாது."

3

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு வீட்டுக்குள் நுழைய அனுமதி இல்லை. அது அவருடைய மாமியார் வீடு.*

(*நான் டீச்சராக வந்து சேர்ந்த இந்த நாட்டில் இது பகையல்ல, மரியாதை. மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது, அவள் கூரைக்குக் கீழே சாப்பிடக் கூடாது. வழியில் எதிர்ப்பட்டால் ஓரமாக ஒதுங்கிக் குந்தி, கை குவித்து மெல்லத் தட்டி, மண்ணைப் பார்க்க வேண்டும். சேதி போக நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கோழியோ சுவரோ பானையோ. மருமகன் தேறிவிட்டான் என்று பெண் வீட்டுக்குத் தோன்றும் நாளில் மாமியார் விருந்து வைத்து அவனை உள்ளே அழைப்பாள். அன்றோடு திரை விலகும். சிலருக்கு ஐந்து வருடத்தில் அழைப்பு வரும். சிலருக்குப் பத்து. கப்பாசாவுக்கு இருபத்தேழு வருடமாகியும் வரவில்லை.)

கசூபாவின் அம்மாவைத் தெருவே பனா கசூபா என்றுதான் கூப்பிடும்; கசூபா அம்மா என்று அர்த்தம். ஊரின் தாழ்வான பகுதியான கன்யாமாவில் நீல வாசல் வைத்த வீடு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குழந்தைகளும் கசூபாவும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவார்கள். கப்பாசா வெளியே மாமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்காருவார். சாப்பாடு மரத்தடிக்கு வரும். உள்ளே சிரிப்புக் கேட்டால் அவரும் சிரிப்பார், எதற்கென்று தெரியாமலேயே.

ஓய்வு பெற்ற மறுவாரம் அந்த மரத்தடியில் அவரைப் பார்த்தேன். மார்பில் பதக்கங்கள் குத்திய கோட்டு, மடியில் சாப்பாட்டுத் தட்டு.

"இனி என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஏழு நாட்டு எல்லை தாண்டியிருக்கேன், டீச்சர். இந்தப் படியைத்தான் தாண்டல."

"ஒரு தடவை தாண்டினதா கசூபா சொன்னாளே?"

"கதவை உடைச்சிட்டுப் போறது சேர்த்தியில்ல." தட்டில் இருந்த களியை உருட்டினார். "அவங்களா கூப்பிடணும். எழுபத்தெட்டு வயசாச்சு அவங்களுக்கு. கூப்பிடாமலே ஒரு நாள் ஏதாவது ஆச்சுன்னா, உள்ளே போய் அழக்கூட எனக்கு உரிமை கிடையாது. அன்னிக்கும் மரத்தடிதான்."

4

கதவு உடைந்த கதை. கசூபா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தண்ணீரின் அளவை மட்டும் கப்பாசாவிடம் சரிபார்த்துக்கொண்டேன்.

பதினோரு வருடங்களுக்கு முன், பிப்ரவரி மழை. கன்யாமா முழுக்க வெள்ளம். கடைக்குட்டிக்கு மலேரியா, கசூபாவால் ராணுவக் குடியிருப்பை விட்டு அசைய முடியவில்லை. மூன்று நாள் விடுப்பில் வந்திருந்த கப்பாசா நடந்தும் நீந்தியும் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் தொடைக்கு மேல். உள்ளே பனா கசூபா மேசை மேல் ஏறி நின்றிருந்தாள். தலையில் மூடி போட்ட ஒரு மண்பானை. கதவு ஊறித் திறக்க மாட்டேன் என்றது.

"பானையே, வெளியே யாருன்னு கேளு."

கப்பாசா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். "லோம்பே அப்பான்னு சொல்லு, பானையே."

"ஒரு பொம்பளையைக் கூட்டிட்டு வரச் சொல்லு."

"இந்தத் தெருவுல பொம்பளையும் இல்ல, ஆம்பளையும் இல்லன்னு சொல்லு. ஒரு ஆடு மட்டும் கூரை மேல நிக்குதுன்னு சொல்லு."

"அப்ப ஆட்டைக் கூப்பிடச் சொல்லு!"

ஆடு வரவில்லை. கப்பாசா தோளால் கதவை உடைத்தார். காயம்பட்டவனைத் தோளில் குறுக்கே போட்டுத் தூக்கும் முறை பட்டாளத்தில் உண்டு, சுலபமும் அதுதான். அவர் அப்படித் தூக்கவில்லை. மேசைக்கு முதுகைக் காட்டி நின்றார். முதுகில் ஏற்றிக்கொண்டால் முகம் பார்க்க வேண்டாமே. வெள்ளம் வீட்டை எடுத்துக்கொண்டு போகும் நேரத்திலும் பாதி மரியாதையையாவது காப்பாற்றப் பார்த்தார் மனிதர்.

பனா கசூபா ஒல்லியானவள் அல்ல. அவர் முதுகில் அவள், அவள் தலையில் பானை. இரண்டு கிலோமீட்டர்.

"பானையே, தண்ணி எவ்வளவு ஆழம்னு கேளு."

"இடுப்பளவுதான்னு சொல்லு, பானையே."

"பொய் சொல்றான், பானையே. என் கால் நனையுது."

ரோட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டு, அந்த ஈரத்திலேயே ஓரமாகக் குந்தி, மண்ணைப் பார்த்துக் கை தட்டினார். அவள் பானையோடு நடந்து போனாள்.

அந்த வருடமே விருந்து நடந்திருக்க வேண்டியது. அவள் தங்கைகளைக் கூப்பிட்டு, உயிரைக் காப்பாற்றின பிள்ளை, உள்ளே அழைத்துவிடலாம் என்று நாள்கூடக் குறித்தாளாம். அப்புறம் ஒரு சனிக்கிழமை சந்தையில், வெங்காயம் விற்கிறவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்: "அம்மா, நீங்க ரெண்டு மூட்டை மக்காச்சோளம் கனமாமே? பட்டாளமே பேசுது!"

விருந்து நின்றது. கேட்டவர்களிடமெல்லாம் பனா கசூபா ஒரே பதில் சொன்னாள்:

"முதுகுல தூக்கினதை மன்னிச்சேன். வாயில தூக்கிட்டுப் போனதை மன்னிக்க மாட்டேன்."

5

(அடிக்கப்பட்ட பகுதி. வாசகர் பார்க்கட்டும் என்று ஓரத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.)

எனக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. இந்தக் கப்பாசா ரொம்ப நல்லவராக இருக்கிறாரே, யார் நம்புவார்கள்? குறை தேடினேன். கசூபாவிடமே கேட்டேன்.

"நல்லவர்னு எழுதுங்க," என்றாள். "நாலு பிரசவத்துல ரெண்டுக்கு ஊர்லயே இல்லன்னும் எழுதுங்க. காலையில அஞ்சு மணிக்கு விசில் ஊதி எழுப்புவார்னு எழுதுங்க. நான் உடம்பு சரியில்லாமப் படுத்திருக்கும்போதும் ஊதினார்."

போதவில்லை. வெங்காயக்காரன் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கும் கதையில் ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆகவே இப்படி எழுதினேன்:

அன்று மாலை பட்டாள உணவு விடுதியில் கப்பாசா காலை நீட்டி உட்கார்ந்து, "என் மாமியார் ரெண்டு மூட்டை கனம்டா," என்று ஆரம்பித்தார். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவரும்—

இதுதான் நான் எழுதிய பொய்.

6

எழுதியதைத் தமிழிலிருந்து அவர்கள் பேச்சுக்கு மாற்றி, கசூபாவின் சமையலறையில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கப்பாசா பின்வாசலில் குந்தி எதையோ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது பள்ளிக்கூட ஷூ கிடையாது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பழக்கத்துக்கு என் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்" என்ற இடம் வந்ததும் துடுப்பு நின்றது. களி கிண்டுகிற பெண் நடுவில் நிறுத்த மாட்டாள், கட்டி தட்டிவிடும்.

"டீச்சர், அதை அடிங்க."

"ஏன்? கதைக்கு வேணும்."

"அவர் சொல்லல."

"பின்னே யாரு?"

அடுப்பில் களி முணுமுணுத்தது. கசூபா புடவைத் தலைப்பு போல் இடுப்பில் சுற்றியிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"குழாயடியில. நான்தான். பெருமையா இருந்துச்சு டீச்சர். ஒருத்தி தன் புருஷன் சைக்கிள் வாங்கித் தந்தான்னா. இன்னொருத்தி தையல் மெஷின்னா. நான் சும்மா இருப்பேனா? என் புருஷன் எங்கம்மாவை, ரெண்டு மூட்டை கனம், ரெண்டு கிலோமீட்டர் தூக்கிட்டு வந்தார்னு சொன்னேன். கனம் கூடக் கூடத்தானே அவர் பெருமை கூடும்? சாயங்காலத்துக்குள்ள பட்டாளம் பூரா போயிருச்சு."

"அம்மாகிட்ட அவர் ஒண்ணும் சொல்லி அனுப்பலையா?"

"அனுப்பாம? ஒவ்வொரு மாசமும். 'உங்கம்மாகிட்ட சொல்லு, நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல'ன்னு. சேதி கொண்டு போற ஆள் யாரு? நான். அதைச் சொன்னா, அப்ப யாரு சொன்னான்னு அம்மா கேப்பா. அதனால போய், 'அம்மா, லோம்பே அப்பா சர்க்கரை குடுத்தனுப்பினார்'னு சொல்லிட்டு வந்திருவேன்." துடுப்பை வைத்துவிட்டாள். "பதினோரு வருஷம், டீச்சர். அவர் அனுப்பின சேதிக்குப் பதிலா சர்க்கரை போயிட்டிருக்கு."

நான் பின்வாசலைப் பார்த்தேன். செருப்பில் ஓடிக்கொண்டிருந்த தூரிகை நிற்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் கப்பாசா, திரும்பாமல்.

"எப்ப இருந்து?"

"அந்த வாரமே. முதுகுல என்ன கனம்னு உணவு விடுதியில நூறு தடவை கேட்டானுங்க. நான் டீயைக் குடிச்சிட்டு எழுந்து போயிட்டேன். அப்புறம் யோசிச்சேன். நான் சொல்லல, பானை சொல்லல. மிச்சம் யாரு?"

"அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?" என்று கத்தினாள் கசூபா. "பதினோரு கிறிஸ்துமஸ் மரத்தடியில உக்காந்தீங்களே! என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமே!"

"பட்டாளத்துல ஒருத்தன் தப்பு பண்ணா என்னை மாதிரி சார்ஜெண்ட் மேஜர்தான் முன்னால வந்து நிப்பான். பேரைச் சொல்லிக் குடுக்க மாட்டான்." செருப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "களி தீயுது, லோம்பே அம்மா."

அன்றைக்கு நாங்கள் மூவரும் கருகிய களி சாப்பிட்டோம். ஐந்தாம் பகுதியை அங்கேயே அடித்தேன்.

7

மறுநாள் கசூபா அம்மா வீட்டுக்குப் போனாள். நான் கூடப் போகவில்லை. ஆகவே இங்கே இரண்டு விதமாக எழுதலாம்.

ஒன்று: மகள் தாயின் காலில் விழுந்து, கண்ணீர்—

(இல்லை. கசூபா அப்படி விழுகிறவள் இல்லை. பனா கசூபாவும் விழ விடுகிறவள் இல்லை.)

இரண்டு, பிறகு கசூபாவே சொன்னது: உள்ளே போனதும் அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அலமாரியில் அந்தப் பானை இருந்தது. அதைப் பார்த்துப் பேசினாள்.

"பானையே, எங்கம்மாகிட்ட சொல்லு. ரெண்டு மூட்டைன்னு சொன்னது அவர் இல்ல. நான்."

பனா கசூபாவும் பானைப் பக்கம் திரும்பினாள்.

"பானையே," என்றாள், "என் மகளுக்கு எடை போடத் தெரியாதுன்னு சொல்லு. நான் ஒண்ணரை மூட்டைதான்."

அப்புறம் மகள் பக்கம் திரும்பினாள்.

"பதினோரு வருஷமா ஒருத்தனை வெயில்லயும் மழையிலயும் மரத்தடியில உக்கார வச்சிருக்கேன். தப்பு பண்ணாதவனை. எதிரிகூட அப்படிச் செய்ய மாட்டான்." எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். "உன் சித்தியைக் கூப்பிடு. எத்தனை பேருக்குச் சமைக்கணும்னு கேளு."

"அம்மா, கோவமில்லையா?"

"உன் மேல இருக்கு. அதுக்கு நீதான் நாப்பது பேருக்கு மாவு இடிக்கணும்."

8

விருந்து. இதை எழுதத்தான் இத்தனை நாள் பேனாவைக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

தெரு முழுக்க ஜனம். பெண்கள் மூடிய பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நீல வாசலுக்கு ஆடிக்கொண்டே வந்தார்கள். பாட்டை முன்னால் எடுத்தவள் கசூபாவின் சித்தி பனா சோலா, விருந்தை நடத்துகிறவள்:

"எலும்பும் தோலுமா ஒரு பொண்ணைக் கொடுத்தோம்,
வாசல் நிறையும்படி வளர்த்து வச்சிருக்கே,
உள்ளே வா மகனே, உள்ளே வா!"

கசூபா வாசல் நிறைய நின்று வெட்கப்பட்டாள்.

கப்பாசா பதக்கக் கோட்டில் வந்தார். வாசலுக்கு நாலு அடி முன்னால் நின்றுவிட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பயந்துவிட்டாரா? மனசு மாறிவிட்டதா? இல்லை. வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. மனிதரால் தாண்ட முடியவில்லை. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து உயரவாரியாக அடுக்க ஆரம்பித்தார்.

"இருபத்தேழு வருஷமா காத்திருந்தது செருப்பு அடுக்கவா?" என்று அதட்டினாள் பனா சோலா. "உள்ளே வாய்யா!"

கடைசி ஜோடியை நேராக்கிவிட்டு, தன் ஷூவைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு, கப்பாசா வலது காலை எடுத்து வைத்தார். தெரு குலவையிட்டது. லோம்பே அழுதாள். பட்டாளத்து நண்பர்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். ஒன்று மாமரத்தில் மாட்டிக்கொண்டது, இன்னும் அங்கேயே இருக்கிறது.

பாயில் விறைப்பாக உட்கார்ந்தார்.

"இது பெரேடு இல்ல மாப்பிள்ளை. தோளை இறக்கு," என்றாள் பனா சோலா.

"எங்க பார்க்கணும்?"

"இன்னிக்கு எங்க வேணா பாரு."

ஆனாலும் அவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பனா சோலா ஒவ்வொரு பானையாகத் திறந்தாள். நிலக்கடலை போட்ட கீரை. பீன்ஸ். காய்ந்த மீன். இந்த ஊர் விசேஷமான வறுத்த கம்பளிப்புழு. கால் முதல் தலை வரை ஒரு துண்டும் குறையாத கோழி. வீட்டுத் தலைவனுக்கென்று அதன் கல்லீரலுக்குப் பக்கத்தில் இரைப்பை தனியாக. கடைசிப் பானையை மட்டும் அவள் தொடவில்லை. அது மாமியார் திறக்க வேண்டியது.

பனா கசூபா எழுந்து வந்தாள். அவள் கையில் எடுத்தது வெள்ளத்தில் வந்த அதே பானை. மூடியைத் திறந்தாள். பானை காலியாக இருந்தது. இனி அதற்கு வேலையில்லை என்பது அறையில் எல்லோருக்கும் புரிந்தது. அதை ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு, பாயில், கப்பாசாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"முகத்தைத் தூக்கு, மகனே."

தூக்கினார்.

அப்போது அவள் முன்னால் சாய்ந்து, அவர் காதருகே மெல்ல ஏதோ ஒன்று கேட்டாள்.

9

என்ன கேட்டாள்?

நான் ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். குலவைச் சத்தத்தில் அது மட்டும் கேட்கவில்லை. மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டு போய்ப் பனா கசூபாவிடம் வாசித்துக் காட்டினேன். முதலாவதற்குச் சிரித்தாள். இரண்டாவதற்கு, "நான் அவ்வளவு அழகாப் பேச மாட்டேன்," என்றாள். மூன்றாவதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவாக இருக்குமோ என்று நினைத்தேன்.

"சொல்லுங்களேன். கதை முடியாம நிக்குது."

"இருபத்தேழு வருஷம் பானைகிட்ட பேசினதெல்லாம் எழுதிக்கோ. என் மகன்கிட்ட நேராக் கேட்ட முதல் கேள்வி எனக்கும் அவனுக்கும்."

மூன்று கேள்விகளையும் அங்கேயே கிழித்துப் போட்டேன். எனவே வாசகரே, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இதுவரை நடந்ததையெல்லாம் நீங்களும் கேட்டீர்கள். நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆனால் பதிலை நான் எழுதியாக வேண்டும். அதைத் தெருவே கேட்டது. முப்பத்திரண்டு வருடம் மைதானத்தில் கத்தின மனிதருக்கு மெல்லப் பேச வராது. கண்ணீர் வழியும்போது இன்னும் வராது.

பனா கசூபா: "(                              )"

கப்பாசா: "இல்லம்மா! கனமே இல்ல!"